மனரம்மியம்: கரிசல் காட்டுக்கு வந்த அழைப்பும் அதற்குக் கிடைத்த விடைகளும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி ஆகிய மூன்று ஊர்களுக்கும் அண்மையில் இருப்பது ஆலங்குளம். தென்காசிச் சீமையில் இதே பெயரில் மற்றோர் ஊர் இருப்பதால், தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை இருக்கும் ஆலங்குளம் என்று இதனை அடையாளம் சொல்வது வழக்கம். மேற்கே தொடர்ச்சி மலை, கிழக்கே கரிசல், நடுவில் கண்மாய்களும் பருத்திக் காடுகளும். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் இந்நிலப்பகுதி, 1910இல் இராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும் வரையில் திருநெல்வேலி ஜில்லாவின் வடபாகமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ ஆவணங்கள் 'வட திருநெல்வேலி' என்று குறிப்பிடுவது இதைத்தான். இந்தப் பழைய எல்லையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் இக்கட்டுரையில் வரும் மனிதர்கள் ஒரே ஜில்லாவின் வடக்கிலும் தெற்கிலும் வாழ்ந்தவர்கள் என்பது விளங்கும்.

நாம் கேட்க விரும்பும் கேள்வி எளியது. கடவுள் அழைக்கிறார் என்று ஒரு மனிதன் உணர்ந்து, அதற்கு இசைந்து எழுந்து போகிறான். போனபிறகு அவனுக்கு வாய்ப்பதாகச் சொல்லப்படும் நிறைவு எத்தகையது? எதை விட்டுவிட்டு அதைப் பெற்றான்? எதை விடாமல் கையோடு எடுத்துச் சென்றான்? சமயநூல்கள் இக்கேள்விக்குப் பொதுவிடை தரும். வரலாறு தருவது சில தனிமனிதர்களை. அவர்களுள் இருவரை இங்கு அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் அழைப்பைச் சுமந்து இக்கரிசல் காட்டுக்கு வந்த ஆங்கிலேயர். மற்றவர் அதே ஜில்லாவின் தென்பகுதியில் அவ்வழைப்பை ஏற்ற தமிழ்ப்புலவர். முன்னவர் இறந்ததும் பின்னவர் திருமுழுக்குப் பெற்றதும் ஒரே ஆண்டில், 1858இல் நிகழ்ந்தன.

ஆயினும் இந்நிலத்தில் ஒலித்த முதல் அழைப்பு அதுவன்று என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். திருப்பாவையின் முப்பது பாடல்களுள் கணிசமானவை அழைப்புப் பாடல்கள். உறங்கும் தோழியரை வீடுவீடாகச் சென்று எழுப்புவதே அவற்றின் செயல். ஒருத்தி எழ மறுக்கிறாள், ஒருத்தி சாக்குச் சொல்கிறாள், ஒருத்தி பதில் பேசாமல் கிடக்கிறாள். எவரையும் விட்டுவிட்டுப் போக மனமில்லாத பாடல்கள் அவை. பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலும் அடியார் கூட்டத்தை வந்து சேருமாறு கூவி அழைக்கும் குரலைக் கேட்கிறோம். இறைவனை நோக்கிப் போவது தனித்துப் போவதன்று, சேர்ந்து போவது என்ற எண்ணம் இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது.

பின்வந்த வைணவ ஆசாரியர்கள் இதனை ஒரு தத்துவச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். இறைவன் அருள்வதற்கு மனிதன் ஏதேனும் செய்ய வேண்டுமா? குரங்குக்குட்டி தன் தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி சும்மா கிடக்க, தாய்தான் அதனைக் கவ்வி எடுத்துச் செல்கிறது. மனிதன் இவற்றுள் எதைப் போன்றவன்? வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையே நடந்த இந்த வாதம், ஜெர்மானியச் சமய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ போன்றோர் கிறிஸ்தவ அருட்கோட்பாட்டோடு ஒப்பிட்டு எழுதும் அளவுக்கு ஆழமானது. அழைப்புக்குச் செவிசாய்ப்பதும்கூட அழைத்தவன் தந்த வலிமையால்தானோ என்ற கேள்வி, பாதிரிமார் வருமுன்பே தமிழ் வைணவருக்குப் பழக்கமானதாக இருந்தது.

கிறிஸ்தவ நற்செய்தியில் அழைப்பு விருந்தாக வருகிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் உவமை அது. ஒருவன் பெரிய விருந்து வைத்துப் பலரை அழைக்கிறான். ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறேன், போய்ப் பார்க்க வேண்டும் என்கிறான். மற்றொருவன் ஐந்து ஜோடி மாடுகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறான். மூன்றாமவனுக்கு அப்போதுதான் கலியாணமாகியிருக்கிறது. சினந்த வீட்டுக்காரன் தெருக்களிலும் வேலியோரங்களிலும் கிடக்கும் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்துவரச் சொல்கிறான். நிலம், உழவுமாடு, கலியாணம் ஆகிய மூன்றும் கரிசல் காட்டுச் சம்சாரியின் வாழ்வையே கூறுபோட்டுச் சொன்னது போலிருக்கின்றன. அவை தீய காரியங்களும் அல்ல. நல்ல காரியங்களே நிறைவுக்குக் குறுக்கே நிற்கக்கூடும் என்பது இவ்வுவமையின் கடுமை.

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபையின் வரலாறு ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவையான குளோரிந்தா, 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பாளையங்கோட்டையில் அவர் முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் முடிந்தது. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் கிராமம் கிராமமாக மக்கள் சபையில் சேர்ந்தனர். கல்வி, துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு, சமூகத்தில் தலைநிமிர்வு, உண்மையான ஆன்மிக வேட்கை ஆகிய காரணங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஆதாயத்துக்காகச் சேர்ந்தார்கள்' என்று இகழ்வதும், 'அருளால் மட்டுமே சேர்ந்தார்கள்' என்று புகழ்வதும் வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகா. விருந்துக்கு வந்த பசித்தவனைப் பார்த்து, நீ பசிக்காகத்தானே வந்தாய் என்று உவமையில் வரும் வீட்டுக்காரன் கேட்கவில்லை.

ஆனால் இந்த அலை ஜில்லாவின் தென்பகுதியோடு பெரும்பாலும் நின்றுபோயிற்று. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் சபைகள் மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தை நோக்கி வந்தவர்தான் தாமஸ் கஜட்டன் ராக்லண்ட்.

ராக்லண்ட் 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் 1841ஆம் ஆண்டு நான்காவது இடம் பெற்றுத் தம் கல்லூரியில் ஃபெலோவாக அமர்ந்தவர். அங்கேயே இருந்திருந்தால் புத்தகங்களும் மாணாக்கரும் புல்வெளியுமாக அவர் வாழ்வு அமைதியாய்க் கழிந்திருக்கும். அவர் சர்ச் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்து, அச்சங்கத்தின் செயலாளராகக் கணக்குகளையும் கடிதங்களையும் கவனித்தார். அதுவும் மதிப்பான பதவிதான். ஆயினும் தம் இடம் மேசைக்குப் பின்னால் இல்லை என்று அவருக்குப் பட்டது. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரு இளைஞர்களோடு 1854இல் வட திருநெல்வேலியில் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார்.

அவர் வகுத்த முறை அக்காலத்தில் புதுமையானது. பங்களா கட்டி, பள்ளிக்கூடம் வைத்து, அதைச் சுற்றி ஊர் வளர்வதற்காகக் காத்திருப்பதே பாதிரிமார் வழக்கம். ராக்லண்ட் கூடாரத்தில் வாழ்ந்தார். ஓரிடத்தில் கூடாரமடித்து, சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் போய்வந்தபின் அதைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார். தென்பகுதிச் சபைகளிலிருந்து தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து வந்து அவர்களோடு சேர்ந்து உழைத்தனர். இந்தச் செய்தி பலராலும் கவனிக்கப்படாதது. வெள்ளைக்காரர் வந்து தமிழருக்குச் சொன்னார் என்பது பாதிக்கதை. அழைக்கப்பட்ட தமிழர் தம் அண்டை நாட்டாரை அழைக்கப் போனார்கள் என்பது மீதிக்கதை.

கரிசலின் வெயிலில் கூடாரவாழ்வு எளிதன்று. ராக்லண்ட் உடல்வலிமை உடையவரும் அல்லர். நுரையீரல் நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்தார். வயது 43. நான்கு ஆண்டுகளுக்குமேல் ஊர் ஊராகச் சென்றதன் பலனைத் தலையெண்ணிப் பார்த்தால் கணக்கு மிகச் சிறியது. கேம்பிரிட்ஜின் கணிதமேதைக்கு அந்தக் கணக்கு தெரியாமலிருந்திருக்க முடியாது.

அப்படியிருந்தும் அவரை நினைத்து எழுதியவர்கள் தோல்வியுற்றவராக அவரைக் காட்டவில்லை. 1861இல் பெரோன் எழுதிய வாழ்க்கை வரலாறும், டோனாவூர் ஆமி கார்மைக்கேல் 1922இல் வெளியிட்ட நூலும் அமைதிகொண்ட ஒரு மனிதரையே காட்டுகின்றன. மிஷனரி நூல்களுக்குத் தம் நாயகரை உயர்த்திக் காட்டும் இயல்பு உண்டு என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு செய்தி எஞ்சுகிறது. அவர் திரும்பிப் போகலாம் என்ற வழி இறுதிவரை திறந்திருந்தது. அவர் போகவில்லை. வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் தம் நிறைவை அவர் வைத்திருந்தால், முதலாண்டிலேயே கூடாரத்தைச் சுருட்டியிருப்பார்.

தமிழ் விவிலியத்தில் இதற்கு ஓர் அழகான சொல் உண்டு: மனரம்மியம். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், எந்த நிலையில் இருந்தாலும் மனரம்மியமாக இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறார். எழுதிய இடம் சிறை. இதில் கவனிக்க வேண்டியது 'கற்றுக்கொண்ட' என்பது. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழும்போதே ஒட்டிக்கொண்டு வருவதன்று மனரம்மியம். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், பசித்திருக்கவும் உண்டிருக்கவும் பழகிப்பழகித் தேறுவது. தமிழர் 'போதுமென்ற மனம்' என்று சொல்லும்போது பெரும்பாலும் ஆசையைக் குறைத்துக்கொள்வதைக் கருதுகிறோம். பவுல் சொல்வதில் ஆசை குறையவில்லை. அது ஒரே ஒருவர்மேல் குவிந்துவிட்டது. அதனால் மற்றவை வந்தாலும் போனாலும் பெரிதாகத் தோன்றவில்லை.

இனி மற்றவரிடம் வருவோம். ராக்லண்ட் இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1858 ஏப்ரலில், சென்னை மயிலாப்பூரில் ஒரு தமிழ்ப்புலவர் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்ஃபிரட் என்ற பெயரையும் சூடிக்கொண்டார். அவரே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827 ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணமும் ஆழ்வார் பாசுரங்களும் அவர் வளர்ந்த காற்றிலேயே இருந்தன. 1853இல் சாயர்புரத்தில் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோதும் வைணவராகவே சேர்ந்தார். கற்பிக்கப் போன இடத்தில் கிறிஸ்தவ நூல்களைக் கற்க நேர்ந்தது. தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்பே கிறிஸ்தவரானார். தம் மனமாற்றத்தைப் பிற்காலத்தில் அவரே உரைநடையில் எழுதிவைத்தார். அக்கணக்கில் மின்னல்வெட்டுப் போன்ற ஒரு கணம் முதன்மை பெறவில்லை. வாசிப்பு, தயக்கம், நண்பருடன் உரையாடல், மீண்டும் வாசிப்பு என்று படிப்படியாக நகர்ந்த ஒரு மனத்தையே அதில் காண்கிறோம்.

அவர் இழக்கத் துணிந்ததை நாம் இன்று எளிதில் உணர்ந்துவிட முடியாது. அன்றைய வேளாளக் குடும்பத்தில் ஞானஸ்நானம் என்பது இறப்புக்கு ஒப்பானது. பந்தி போயிற்று, சொந்தம் போயிற்று, கொள்வினை கொடுப்பினை போயிற்று. கம்பனையும் ஆழ்வாரையும் இனி என்ன செய்வது என்ற கேள்வியும் உடனெழுந்தது. பழையதை முற்றாகத் துறப்பதே மெய்யான மனமாற்றம் என்று எண்ணிய பாதிரிமார் அன்று இருந்தனர். பழையதைத் துறந்தவனுக்குத் தமிழில் இடமில்லை என்று எண்ணிய புலவரும் இருந்தனர்.

இருவருக்கும் கிருஷ்ண பிள்ளை அளித்த மறுமொழி ஒரு காப்பியம். ஜான் பன்யன் என்ற ஆங்கிலேயப் பிரசங்கியார் 1678இல் வெளியிட்ட பரதேசியின் மோட்சப் பயணக் கதையை அடியாகக்கொண்டு, 'நற்போதகம்' இதழில் பல்லாண்டுகள் பகுதிபகுதியாக எழுதிவந்து, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற நூலாக வெளியிட்டார். ஐந்து பருவங்கள், 3,700க்கும் மேற்பட்ட விருத்தங்கள். கம்பனின் நடையும் சந்தமும் அதில் உயிரோடு உலவுகின்றன. 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பெயர் அவருக்கு வந்தது இதனால்தான்.

கதையின் தொடக்கமே அழைப்பின் கடுமையைச் சொல்கிறது. அழியப்போகும் நகரில் வாழும் ஒருவன், முதுகில் பெருஞ்சுமையோடு, தப்பிப்போகும் வழியைத் தேடுகிறான். மனைவியும் மக்களும் தடுக்கிறார்கள். பன்யனின் நாயகன் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இந்தக் காட்சியை வாசிக்கும் எவருக்கும் ஒரு நெருடல் ஏற்படும். குடும்பத்தை விட்டு ஓடுபவன் எப்படி நல்லவனாவான்? பன்யனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் மக்களையும் அதே பாதையில் நடத்திச்சென்றார். சாதியும் குடும்பமும் ஒன்றாயிருந்த தமிழ்ச்சமூகத்தில் இக்காட்சியை எழுதிய கிருஷ்ண பிள்ளைக்கு இது வெறும் உருவகமாக இருந்திருக்க இயலாது.

பன்யனின் கதையில் இல்லாத ஒன்றையும் அவர் சேர்த்தார். இயேசுவின் பாடுகளை 'இரட்சணிய சரிதப் படலம்' என்று விரிவாகப் பாடினார். பன்யனின் ஆங்கில வாசகருக்கு அந்த வரலாறு தெரியும், ஆகவே அவர் சிலுவையைக் காட்டினால் போதும். தமிழ் வாசகருக்கோ அழைப்பவர் யார் என்றே சொல்லியாக வேண்டும். அழைப்பவர் முகம் தெரியாமல் அழைப்புக்கு இசைவது எங்ஙனம்? இராமன் காடேகும் துயரத்தைக் கம்பனிடம் கேட்டு அழுது வளர்ந்த ஒருவர், அந்தக் கண்ணீர்ப் பயிற்சியை இங்கே பயன்படுத்துகிறார்.

காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாடல்களையும் அமைத்தார். அவற்றுள் சில இன்றும் தமிழ்த் தேவாலயங்களில் பாடப்படுகின்றன. நாயன்மார் பதிகத்தின் பெயர், ஆழ்வாரின் சரணாகதி மனம், கிறிஸ்துவின் திருவடி ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடுகின்றன. நின்னையன்றி வேறு துணையில்லை என்ற ஒரே உணர்வு அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பூனைக்குட்டியின் நிலை அது. அவர் தம் முன்னோரிடம் கற்ற மொழியில்தான் தம் புதிய நிறைவைச் சொல்ல முடிந்தது. மொழியையும் மாற்றிக்கொண்டிருந்தால் நிறைவைச் சொல்லச் சொல் இருந்திராது.

மராட்டியத்தில் இதற்கு ஓர் இணை உண்டு. 1895இல் கிறிஸ்தவரான நாராயண் வாமன் திலக், துக்காராம் என்ற பாலத்தின்மேல் நடந்தே தாம் கிறிஸ்துவிடம் வந்ததாகக் கூறினார். கிருஷ்ண பிள்ளைக்கு அத்தகைய பாலம் எது என்று கேட்டால், கம்பனையும் ஆழ்வார்களையும் காட்டலாம். இதைச் சொல்வதால் இரு சமயங்களும் ஒன்று என்று சொல்லிவிடுவதாக ஆகாது. கிருஷ்ண பிள்ளையே அதை ஒப்பியிருக்கமாட்டார். அவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தெளிவாகப் புறப்பட்டுப் போனவர். ஆனால் புறப்பட்ட இடத்தை வெறுத்துப் போகவில்லை.

இவ்வளவு சொன்னபின் விருந்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உவமையில் வரும் வீட்டுக்காரன் அனைவரையும் ஒரே பந்தியில் உட்காரச் சொன்னான். தமிழ்ச் சபைகளோ அந்தப் பந்தியிலேயே தடுமாறின. கோயிலுக்குள்ளும் சாதிப்படி தனித்தனியே உட்காரும் வழக்கமும், நற்கருணையை முன்னும் பின்னுமாகப் பெறும் வழக்கமும் தஞ்சைச் சபைகளில் நிலவின. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் இவ்வேறுபாடுகளை ஒழிக்குமாறு கடிதம் எழுதியபோது எழுந்த எதிர்ப்பு சிறியதன்று, பலர் சபையைவிட்டே விலகினர். அச்சிக்கல் இன்றும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை என்பதைத் தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில் எழுப்பப்பட்ட சுவர்கள் சொல்லும். அழைப்பை ஏற்றவன் பக்கத்து இலையில் இருப்பவனையும் ஏற்றாக வேண்டும். அது இல்லாத நிறைவு தன்னிறைவு மட்டுமே. மனரம்மியம் என்ற சொல்லை அதற்குக் கொடுக்க முடியாது.

ராக்லண்டும் கிருஷ்ண பிள்ளையும் சந்தித்துக்கொண்டார்கள் என்று சொல்ல இடமில்லை. ஒருவர் தம் மொழியையும் நாட்டையும் விட்டு வந்து, கேட்பாரற்ற கிராமங்களில் பேசி முடிந்தார். மற்றவர் தம் மொழிக்குள்ளேயே இருந்து, உறவை இழந்து, 1900 வரை வாழ்ந்து எழுதினார். முன்னவர் எண்ணிக்கையில் நிறைவைத் தேடவில்லை. பின்னவர் ஏற்பில் நிறைவைத் தேடவில்லை, ஏனெனில் புலவர் உலகம் கிறிஸ்தவர் என்று அவரை ஒதுக்கவும், சபை உலகம் கடுந்தமிழ் என்று அவர் நூலைப் படிக்காமல் விடவும் வாய்ப்பிருந்தது. இரண்டும் ஓரளவு நடக்கவும் செய்தன. தமிழிலக்கியம் பயில்வோரிலேயே இரட்சணிய யாத்திரிகத்தை முழுதும் வாசித்தவர் இன்று எத்தனை பேர்?

இவ்வட்டாரத்தில் இன்று மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருப்பாவை ஒலிக்கிறது, ஞாயிறு காலையில் சிவகாசிப் பக்கத்துச் சிற்றூர்க் கோயில்களில் மணி ஒலிக்கிறது. இரண்டும் கூப்பிடும் ஓசைகளே. யார் எதற்குச் செவிகொடுப்பது என்பது அவரவர் உள்ளத்துக்கும் இறைவனுக்கும் இடையிலான செய்தி, அதில் நாம் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. செவிகொடுத்தவர்கள் எதைப் பெற்றார்கள் என்று தேடும்போது மட்டும், பெற்றதன் அளவைக் காட்டிலும் அவர்கள் போனபின் திரும்பிப் பார்க்காமல் இருந்ததே நம் கண்ணில் படுகிறது. இலக்கிய வாசகர் ஒருமுறை இரட்சணிய யாத்திரிகத்தைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். சமயம் எதுவாயினும், கம்பன் கற்றுக்கொடுத்த தமிழில் ஒருவர் தம் மனரம்மியத்தைப் பாடியிருக்கிறார். அந்தத் தமிழ் நம் அனைவருக்கும் உரியது.